சனியைப் படம் பிடித்தவள்

மாமனார் வீட்டில் இருந்த கடைசி இரண்டு மாதங்கள் சிந்தாமணிக்குப் பெயரே இல்லை. "சனியனே" என்றுதான் கூப்பிட்டார்கள். "சனியனே, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" "அந்தச் சனியன் எங்க போய்த் தொலஞ்சுது?" மற்ற வீடுகளில் இது வாயில் வந்து போகிற சொல். யாரும் நினைத்துச் சொல்வதில்லை. பாவாடையின் வீட்டில் நினைத்துத்தான் சொன்னார்கள்.

பாவாடை அவளுடைய மாமனார். குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் அடுத்தவன் காட்டில் கூலிக்குக் களை வெட்டிய குடும்பம். பாவாடை தலையெடுத்துத்தான் இரண்டு ஏக்கர் கரிசலை வாங்கிப் பருத்தியும் சோளமும் போட்டார். அந்த இரண்டு ஏக்கரும் தம் உழைப்பால் வந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சோசியர் குறித்துக் கொடுத்த நாளில் வாங்கியதால் நிலைத்தது என்றுதான் சொல்வார். விதைப்பதற்கும் சோசியர்தான், வெட்டுவதற்கும் சோசியர்தான். மகன் ராசாங்கத்துக்குப் பெண் பார்க்கும்போதும் சோசியர் தலையாட்டிய பிறகுதான் சிந்தாமணியின் வீட்டு வாசலை மிதித்தார்.

1979 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு குழந்தை மலர்க்கொடிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மூன்று வயது. விடிவதற்குள் பன்னிரண்டு முறை போய்விட்டது. கண் குழிந்து, உதடு வெடித்து, பிள்ளை துணி மாதிரி தோளில் கிடந்தது. சிந்தாமணி சேலையை மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி வாசலுக்கு வந்தபோது பாவாடை குறுக்கே நின்றார். சோசியரிடம் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"எங்க கெளம்புற?"

"அரியலூரு பெரியாஸ்பத்திரிக்கு மாமா. ஏழு மணி பஸ்ஸ புடிச்சிரலாம்."

"இன்னைக்கி சனிக்கெழம. கெழக்க சூலம். புள்ளைக்கு அட்டமத்துச் சனி வேற நடக்குது. இன்னைக்கி எல்லையத் தாண்டுனா உசுருக்கு ஆபத்துன்னு சொல்லிட்டாரு. எள்ளு வெளக்கு போடச் சொல்லியிருக்காரு. நாளைக்கி விடிஞ்சதும் போயிக்கலாம்."

சிந்தாமணி புருஷனைப் பார்த்தாள். ராசாங்கம் மண்வெட்டிக் காம்பில் ஒட்டிய சேற்றை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

அன்று முழுவதும் எள் விளக்கு எரிந்தது. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். பிள்ளை "தண்ணி, தண்ணி" என்று கேட்டது. வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சுற்றி நின்ற பெண்கள் சொன்னார்கள். சிந்தாமணியும் கொடுக்கவில்லை. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான். பிள்ளை அந்தத் துணியைச் சப்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து ரோட்டுக்கு நடையும், அங்கிருந்து பஸ்ஸுமாக ஒண்ணேகால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார்கள். மடியில் இருந்த பிள்ளை வழியிலேயே போய்விட்டிருந்தது. நர்ஸ் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நேத்து கொண்டாந்திருந்தா ஒரு பாட்டில் குளுக்கோஸ்ல பொழச்சிருக்கும்மா."

ஒண்ணேகால் மணி நேரம். ஒரு பாட்டில். இந்த இரண்டும் சிந்தாமணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் சோசியரே வீட்டுக்கு வந்தார். "நான் என்ன பண்றது? சனி கணக்கு வெச்சுட்டான். தாயார் சாதகத்துலயும் ஏழர ஓடுது. அந்த ஏழரதான் புள்ளையத் தின்னுருக்கு" என்றார். அன்றிலிருந்து அவள் சனியன் ஆனாள். இரண்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள், சோறு போட்ட தட்டை வைத்துவிட்டு நகர்ந்தவளைப் பார்த்துப் பாவாடை, "சனியன் மொகத்துல முழிச்சா சோறு எறங்குமா?" என்றார். சிந்தாமணி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். கையைக் கழுவினாள். கட்டியிருந்த சேலையோடு நடந்து போய் அரியலூர் பஸ்ஸில் ஏறினாள். யாரும் தேடி வரவில்லை. அடுத்த ஆண்டே ராசாங்கத்துக்கு ஜானகி என்ற பெண்ணைக் கட்டிவைத்தார்கள் என்று கேள்விப்பட்டாள்.

அரியலூரில் அவளுடைய அண்ணன் சுண்ணாம்புக்கல் லாரியில் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. கடைத்தெருவில் மிக்கேல் என்பவர் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவில் கூட்டிப் பெருக்கும் வேலையும் கிடைத்தது. மிக்கேல் வரதராசன்பேட்டைக்காரர், நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது. டார்க் ரூமில் வேலை செய்தவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாளில், "எட்டாவது படிச்சிருக்கல்ல? கடியாரம் பாக்கத் தெரியுமா? உள்ள வா" என்றார். அவள் உள்ளே போனாள்.

அந்த வேலை அவளுக்கு ஒட்டிக்கொண்டது. சிவப்பு விளக்கில், டெவலப்பர் தட்டில் வெள்ளைத் தாளை அசைக்க அசைக்க ஒரு முகம் கறுத்து வரும். யார் யாருடைய பிள்ளைகளோ. காது குத்து, முதல் பிறந்தநாள், பள்ளிக்கூட குரூப் போட்டோ. மலர்க்கொடிக்கு ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. எடுத்தால் ஆயுசு குறையும் என்று பாவாடை விடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் சிந்தாமணி தட்டை வேகமாக ஆட்டிவிடுவாள். மருந்து மேலே தெறிக்கும். நாலைந்து வருடத்தில் டச்சிங் வேலையிலும் கை தேர்ந்தாள். அம்மைத் தழும்பை நெகட்டிவிலேயே பென்சிலால் மறைப்பாள். மூடிய கண்ணைத் திறப்பாள். பெரம்பலூரிலிருந்துகூட அவள் கைக்கென்று நெகட்டிவ் வரும்.

கோபம் மட்டும் ஆறவில்லை. அழுகையாக மாறியிருந்தால் ஒருவேளை கரைந்திருக்கும். அவளுக்கு அழுகை வருவதே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வரும்போது வானத்தைப் பார்த்துத் திட்டுவாள். கெட்ட வார்த்தைகளாகவே திட்டுவாள். "மூணு வயசுப் பொட்டப்புள்ளையா ஒனக்கு அகப்பட்டுச்சு? எறங்கி வாடா கீழ." எந்தப் பக்கம் பார்த்துத் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

1985 ஆனியில் ஒருநாள் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் பாத்திமா மேரி ஒரு பத்திரிகையோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. ஒரு படத்தைக் காப்பி எடுத்துப் பெரிதாக்கித் தர வேண்டும். கறுப்புப் பின்னணியில் ஓர் உருண்டை. அதைச் சுற்றி, தாம்பாளத்தின் விளிம்பு மாதிரி அகலமாக ஒரு வளையம். சிந்தாமணி அதை மேசையில் வைத்து விளக்கைச் சரி செய்தபடி கேட்டாள்.

"என்ன டீச்சர் இது? நல்லாருக்கே."

"சனி."

"எந்தச் சனி?"

"எத்தன சனி இருக்கு? எல்லாரும் பயப்படுற அதே சனிதான். பெரிய கெரகம். சுத்தி வளையம் இருக்கு பாரு."

சிந்தாமணியின் கை விளக்கின் மேலேயே நின்றுவிட்டது. சூடு உறைத்தபிறகுதான் எடுத்தாள். "இது யாரோ வரைஞ்சது" என்றாள்.

"வரையல. போட்டோ. ராக்கெட்டுல கேமரா வெச்சு எடுத்தது. எங்க வூட்டுக் கொல்லையிலேருந்தே பாக்கலாம். இவ்ளோ பெருசாத் தெரியாது, ஆனா வளையம் தெரியும். எங்க வூட்டுக்காரர் டெலஸ்கோப் பண்ணி வெச்சிருக்காரு."

"இன்னைக்கே வரேன்" என்றாள் சிந்தாமணி. கேட்கவில்லை, சொன்னாள்.

பாத்திமா மேரியின் கணவர் சின்னப்பராஜ் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். எழுபத்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற வால் நட்சத்திரத்தை அடுத்த ஆண்டு பார்த்தே தீருவது என்று, தடித்த கண்ணாடி வட்டம் ஒன்றை வாங்கி, சொரசொரப்பான ராவுதூள் போட்டு எட்டு மாதம் தேய்த்துக் குழி விழவைத்து, வெள்ளிப் பூச்சு ஏற்றியிருந்தார். தகரக் குழாய்; பழைய லாரி பேரிங்கில் சுற்றுகிற தாங்கி. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அது வானத்தை நோக்கி நின்றது. விளக்கு வைத்து அரை மணி ஆகியிருந்தது. தெற்கே, தலைக்குக் கொஞ்சம் கீழே, மினுக்காமல் நின்ற மஞ்சள் புள்ளியைச் சின்னப்பராஜ் காட்டினார்.

ஆறு வருடமாக அந்தப் புள்ளி அங்கேயே எங்கோதான் இருந்திருக்கிறது. சிந்தாமணி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுகூடத் திட்டியிருப்பாள்.

குனிந்து கண்ணை வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்திலிருந்து அது மிதந்து வந்தது. சின்னது. பாசிமணி அளவு. மஞ்சளாக, சுற்றிலும் வளையத்தோடு, எதிலும் ஒட்டாமல். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாயில் தெரிகிற கட்டத்தை விட்டு அது நகர்ந்து போனதும் சின்னப்பராஜ் குழாயைத் தள்ளிக் கொடுத்தார். மறுபடி பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தைக் கண்டு பாத்திமா மேரி பயந்துபோனார்.

"என்னம்மா?"

"இதுக்கு வாயே இல்லையே டீச்சர்" என்றாள் சிந்தாமணி. "கண்ணும் இல்ல. இதுவா எம்புள்ளையத் தின்னுச்சு?"

சின்னப்பராஜ் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். "ரொம்ப தூரம்மா. அங்கேருந்து வெளிச்சம் இங்க வந்து சேரவே ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்."

"எங்க ஊர்லேருந்து ஆஸ்பத்திரிக்கும் அவ்ளோதான் சார்" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கொல்லையில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சூலம், எள் விளக்கு, ஈரத்துணி, எல்லாம். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். சொல்லி முடித்ததும், "இத நான் போட்டோ எடுக்கணும்" என்றாள்.

"முடியாதும்மா. பூமி சுத்துது. கட்டத்துல நிக்காது, ஓடிட்டே இருக்கும். அதுக்கு மோட்டாரு வேணும். எங்கிட்ட இல்ல."

"நிக்க வெக்கிறேன்" என்றாள்.

கேமராவுக்கு மிக்கேலிடம் போனாள். லென்ஸைக் கழற்றக்கூடிய கேமரா அவரிடம் ஒன்றுதான் உண்டு. கல்யாணங்களுக்கு மட்டும் வெளியே வரும். "அதத் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்" என்பது அவர் தினமும் சொல்கிற வசனம். ஆனால் ஆடி பிறந்துவிட்டது. ஊரில் கல்யாணம் கிடையாது. கேமரா பெட்டியில் தூங்கியது. "அண்ணே, ஆடி முடியிற வரைக்கும் குடுங்க. ஒடஞ்சா ஆயுசுக்கும் சம்பளம் வேண்டாம்" என்றாள். மிக்கேல் நிறையப் பேசினார். கடைசியில், எதற்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். மனிதர் அன்றைக்கு முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பழைய போட்டோக்களைக் காப்பி எடுக்கும்போது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற வளையக் குழாய்கள் ஸ்டுடியோவில் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று முறுக்கி, ஒரு பவுடர் டப்பாவை வெட்டிச் சேர்த்து, டெலஸ்கோப்பின் கண் பக்கத்தில் கேமராவைப் பொருத்தினார்கள். முதல் ரோலில் முப்பத்தாறு படங்கள். மறுநாள் கழுவிப் பார்த்தால் முப்பத்தாறு கோடுகள். சில நேராக, சில புழு மாதிரி நெளிந்து. ஆடிக்காற்று குழாயைக் கொடிக்கம்பம் போல ஆட்டியிருந்தது. போதாக்குறைக்கு, ஷட்டர் தட்டும் அதிர்வே படத்தைக் கலைத்தது.

இரண்டாவது ரோலுக்குக் கொல்லையைச் சுற்றிப் படுதா கட்டினாள். லாரி மேல் போடுகிற தார்ப்பாய், அண்ணனிடமிருந்து வாங்கியது. காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய் முருங்கை மரத்தில் போட்டது. "ஏன் இப்டி மல்லுக்கட்டுற? அந்தப் பத்திரிகப் படத்தையே எடுத்துட்டுப் போயி ஊர்ல காட்டேன்" என்றார் பாத்திமா மேரி. சிந்தாமணிக்குச் சுர்ரென்று வந்தது. "எவனோ எடுத்தத எதுக்கு டீச்சர் காட்டணும்? பொய்யின்னுருவாங்க. நான் பாத்தேன், நானே எடுத்தேன்னு சொல்லணும். எங்கையால."

மூன்றாவது ரோலில் வழி கிடைத்தது. ஷட்டரை முதலிலேயே திறந்து வைத்துவிடுவது; ஆனால் குழாயின் வாயைக் கறுப்பு அட்டையால் மூடிக்கொள்வது. அதிர்வெல்லாம் அடங்கியபின் அட்டையை வெடுக்கென்று விலக்கி, அரை நொடியில் மூடுவது. அரை நொடிக்குள் பூமி எவ்வளவு சுற்றிவிடும்? அரை நொடியின் வெளிச்சம் ஃபிலிமுக்குப் போதாது என்றார் சின்னப்பராஜ். அது அவளுடைய ராஜ்யம். டெவலப்பர் பாட்டிலை வெயிலில் வைத்துச் சூடேற்றி, ஃபிலிமை அதில் கூடுதல் நேரம் போட்டால், மங்கலாக விழுந்ததுகூடக் கறுத்து வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ரோலில் வளையம் வளையமாகவே வந்தது. ஆனால் எல்லாமே இரட்டையாக இருந்தன. அன்றும் காற்று.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மழை பெய்தது. சிமெண்ட் தூசியெல்லாம் அடங்கி, சாயங்காலம் வானம் அலம்பிவிட்ட மாதிரி இருந்தது. காற்று நின்றிருந்தது. மறுநாள் முகூர்த்தம், காலையில் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அரைகுறை இருட்டிலேயே தொடங்கினாள். சின்னப்பராஜ் குழாயைத் திருப்பி அதைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து, "இப்ப" என்பார். அவள் அட்டையை விலக்கி மூடுவாள். "இப்ப." விலக்கி மூடுவாள். தோள் கடுத்தது. இருபதாவது படத்துக்குப் பிறகு அவள் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் ஏதோ சொல்வது பாத்திமா மேரிக்குக் கேட்டது. ஜெபம் என்று நினைத்துக் கிட்டே வந்தார். ஜெபமில்லை, வசவு. ஆனால் சனியின் பெயர் அதில் இல்லை. சோசியர், பாவாடை, ராசாங்கம், தண்ணீர் கொடுக்காதே என்ற பெண்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுடைய பெயரும் வந்தது.

முப்பத்தாறில் ஒன்று தேறியது. நெகட்டிவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு. என்லார்ஜரின் தலையைச் சுவரை நோக்கித் திருப்பி, தாளைச் சுவரில் ஒட்டிப் பெரிதாக்கினாள். டெவலப்பர் தட்டில் அது வந்தது. மணல் மணலாக, விளிம்பெல்லாம் கரைந்து, ஆனால் நடுவில் உருண்டை, இருபுறமும் வளையத்தின் காதுகள், உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே இருட்டு. மிக்கேல் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அடேயப்பா! சிந்தாமணி, கொஞ்சம் டச்சிங் பண்ணிடு. அந்த வளையத்து ஓரத்த மட்டும் கூர் பண்ணுனா எப்டியிருக்கும் தெரியுமா?"

"இதுல ஒரு புள்ளிகூட வெக்க மாட்டேன் அண்ணே" என்றாள். அத்தனை ஊர்க்காரர்களின் தழும்பை மறைத்த கை அது.

ஞாயிற்றுக்கிழமை காலை, படத்தை அட்டைக்குள் வைத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த ஊர். சோசியர் பிள்ளையார் கோயில் வேம்படியில் முன்னால் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பத்துப் பதினைந்து பேர். பாவாடையும் இருந்தார், ஒடுங்கிப் போயிருந்தார். ராசாங்கம் இருந்தான். அவனுக்குப் பின்னால் இடுப்பில் ஒரு ஆண் குழந்தையோடு நின்றது ஜானகியாகத்தான் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதிருக்கும்.

சிந்தாமணி நேரே போய் சோசியரின் பலகை மேல் படத்தை வைத்தாள். "இது யாருன்னு தெரியுதா?"

சோசியர் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சனி" என்றாள். "அரியலூருல ஒரு வூட்டுக் கொல்லையிலேருந்து நானே எடுத்தேன். பாருங்க. இதுக்குக் கண்ணு இருக்கா, வாயி இருக்கா? நாளு கெழம தெரியுமா இதுக்கு?"

அவள் எதிர்பார்த்தது வேறு. பொய் என்பார், பழிப்பு என்பார், அவளைத் துரத்தச் சொல்வார். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். சோசியர் படத்தை இரு கையாலும் எடுத்தார். முகம் மலர்ந்தது. "ஆகா! சனீஸ்வர பகவானே!" என்றார். "பாத்தீங்களா? சாட்சாத் பகவானே படத்துல எழுந்தருளியிருக்காரு. சுத்தி நிக்கிற சோதியப் பாருங்க." பக்கத்துக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, உருண்டையின் நடுவில் குங்குமம் வைத்தார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாவாடை தலைக்கு மேல் கைகூப்பினார். "அம்மா, எனக்கு இன்னொரு காப்பி வேணும். பெருசா, கண்ணாடி போட்டு" என்றார் சோசியர்.

ஒரு மாதக் காற்று, நான்கு ரோல், தோள் வலி, எல்லாம் இந்தக் குங்குமத்துக்கா? சிந்தாமணி படத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். சேலைத் தலைப்பால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது பரவி, படம் முழுவதும் சிவப்பு இழுபட்டது.

"பொட்டு வெக்கிறியா? பொட்டு?" அவள் குரல் கோயிலைத் தாண்டி ரோடு வரை கேட்டது. "இது எம்புள்ளைய ஒண்ணும் பண்ணல. இதுக்கு எம்புள்ள பொறந்ததும் தெரியாது, செத்ததும் தெரியாது. வயித்தால போயி, ஒடம்புல தண்ணி வத்திச் செத்துச்சு. பஸ்ஸு இருந்துச்சு. ஆஸ்பத்திரி இருந்துச்சு. போகக் கூடாதுன்னு சொன்னது நீ." சோசியரை விட்டுவிட்டுப் பாவாடையிடம் திரும்பினாள். "வாசல்ல குறுக்க நின்னது நீங்க மாமா."

"விதிம்மா" என்றார் பாவாடை மெதுவாக.

"விதி இல்ல. நீங்க. ரெண்டு காலால நின்னீங்க, நான் பாத்தேன்." ராசாங்கத்தைப் பார்த்தாள். அவன் அன்று மாதிரியே குனிந்திருந்தான். "நிமிந்து பாரு. அன்னைக்கித்தான் பாக்கல, இன்னைக்காவது பாரு." அவன் நிமிர்ந்தான். அவள் கொஞ்சம் தணிந்து சொன்னாள்: "தண்ணி கேட்டுச்சு. நான் குடுக்கல. அது நான் பண்ணுனது. நீங்க எல்லாரும் சொன்னீங்க, ஆனா குடுக்காதது நான்தான்."

சோசியர் ஏதோ சுலோகம் போல ஆரம்பித்து, யாரும் கவனிக்காததால் நிறுத்திவிட்டார். சிந்தாமணி கிளம்பத் திரும்பினாள். அப்போது ஜானகி முன்னால் வந்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிவிட்டுக்கொண்டு, மாமனாரையும் புருஷனையும் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, வயித்தால போனா தண்ணி குடுக்கலாமா?"

சிந்தாமணி அவளையே பார்த்தாள். "குடுக்கலாம் இல்ல, குடுக்கணும்" என்றாள். கோபத்தோடேயே சொன்னாள், அவளுக்கு வேறு குரல் அப்போது இல்லை. அளவு, பின்னாளில் பெரியாஸ்பத்திரிச் சுவரில் படித்து மனதில் ஏற்றிக்கொண்டது. "காய்ச்சி ஆற வெச்ச தண்ணி. ஒரு டம்ளருக்கு மூணு வெரலால ஒரு சிட்டிக உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கர. கலக்கி, ஸ்பூனால ஊத்திக்கிட்டே இருக்கணும். வாந்தி எடுத்தா கொஞ்சம் நின்னுட்டு மறுபடி ஊத்து. அப்பறம் யாருகிட்டயும் கேக்காம பஸ் ஏறு."

"ஒரு சிட்டிக உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கர" என்று ஜானகி திருப்பிச் சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

குங்குமம் இழுபட்ட படத்தைச் சிந்தாமணி டார்க் ரூமில் எறிந்துவிட்டு, அதே நெகட்டிவிலிருந்து புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தாள். அது பெண்கள் பள்ளிக்கூடக் கண்காட்சியில் மாட்டப்பட்டது. அடியில் "சனிக் கோள். படம்: சிந்தாமணி, அரியலூர்" என்று பாத்திமா மேரி எழுதியிருந்தார். உப்பு, சர்க்கரை அளவையும் எழுதிப் பக்கத்தில் ஒட்டச் சொன்னாள் சிந்தாமணி. சனிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க வந்த அதிகாரி ஒருவர் கேட்டார். "இருக்கு சார்" என்றார் டீச்சர்.

புரட்டாசியில் ஒரு பகல் ராசாங்கம் ஸ்டுடியோவுக்கு வந்தான். படம் எடுக்க வந்தவன் என்று நினைத்து மிக்கேல் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவன் உட்காரவில்லை. சிந்தாமணி ஈரமான படங்களை ஒவ்வொன்றாகக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய முதுகைப் பார்த்துத்தான் பேசினான்.

"அன்னைக்கி நான் பேசியிருக்கணும்."

"ஆமா" என்றாள் திரும்பாமல். "பேசியிருக்கணும்."

"அப்பா இப்பல்லாம் சரியா சாப்புடுறதில்ல. நீ வந்துட்டுப் போனதுலேருந்து கோயிலுக்கும் போறதில்ல. வாசல்லயே ஒக்காந்துருக்காரு."

"ஒக்காரட்டும்."

"ஒனக்குக் கோவம் எப்பத்தான் போகும் சிந்தாமணி?"

அவள் கடைசிப் படத்தை மாட்டிவிட்டுத் திரும்பினாள். அவன் தலை நரைத்திருந்தது. அவனுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. திட்ட வேண்டியதெல்லாம் வாய் வரை வந்து நின்றது. ஆனால் ஏற்கெனவே எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. மறுபடி சொன்னால் நீர்த்துப் போகும் என்று தோன்றியது.

"போகாது" என்றாள். "போகணும்னு எனக்கு ஆச இல்ல. நீ போயி ஒம்புள்ளையப் பாரு. அதுக்கு ஒரு போட்டோ எடுக்கணும்னா கூட்டியா, எடுத்துத் தரேன். ஒங்கப்பன் வேண்டாம்னு சொன்னாலும் கூட்டியா."

அவன் தலையாட்டினான். தயங்கித் தயங்கிப் படியிறங்கினான். சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்த தெருவில் அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பும்வரை மிக்கேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யாரும்மா அது?" என்று கேட்டார்.

"எங்க ஊருக்காரரு அண்ணே" என்றாள் சிந்தாமணி. அடுத்த பாஸ்போர்ட் போட்டோவுக்கான நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.